ஹங்குல் நாள்: கொரிய எழுத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஓர் எழுத்துமுறை மக்களுக்கு அறிவிக்கப்பட்டதன் நினைவாக ஒரு நாடே கொடியேற்றி, பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் விடுமுறை விட்டுக் கொண்டாடுவது உலகில் மிக அரிதான வழக்கம். தென் கொரியா அதை ஆண்டுதோறும் அக்டோபர் 9ஆம் நாள் செய்கிறது. அங்கு வழங்கும் ஹங்குல் எழுத்தின் மீதும், அதைத் தாங்கி நிற்கும் பண்பாட்டின் மீதும் ஆர்வம் கொண்ட தமிழ் வாசகர்கள் இன்று ஏராளம். கொரியத் தொடர்களும் பாடல்களும் அந்த ஆர்வத்தை வளர்த்திருக்கின்றன. ஆயினும் ஹங்குல் நாளன்று வாழ்த்துப் படம் பகிர்வோரில் பலரால் அந்தப் படத்தில் உள்ள இரண்டு எழுத்துகளைக்கூட வாசிக்க முடிவதில்லை. இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது.

ஹங்குலைக் கொண்டாடுவதற்கு முதல் தகுதி அதை வாசிக்கத் தெரிந்திருப்பதே என்பது என் உறுதியான கருத்து. அது எட்டாத தகுதியும் அல்ல. 1446இல் வெளிவந்த விளக்க நூலின் பின்னுரையில் ஜோங் இன்-ஜி என்ற அறிஞர், அறிவுடையோர் காலைப்பொழுது கழிவதற்குள் இவ்வெழுத்துகளைக் கற்றுவிடலாம் என்றும், அறிவு மந்தமானவர்கூடப் பத்து நாளில் கற்றுவிடலாம் என்றும் எழுதிவைத்தார். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வாரம், மாலைதோறும் அரைமணி நேரம் ஒதுக்கினால் ஒன்பதாம் தேதிக்குள் கடைப்பலகைகளையும் பாடல் தலைப்புகளையும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலைக்கு வந்துவிடலாம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

முதற்படி: நாளைத் தெரிந்துகொள்ளுதல்

ஜோசொன் அரசமரபின் நான்காம் மன்னர் சேஜோங் 1418 முதல் 1450 வரை ஆட்சி செய்தார். அக்காலத்தில் கொரியர்கள் பேசியது கொரிய மொழி. எழுதியதோ சீன எழுத்தில். ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைக் கற்க ஓய்வும் வசதியும் உள்ள உயர்குடியினருக்கு மட்டுமே எழுத்தறிவு வாய்த்தது. 1443ஆம் ஆண்டின் கடைசிச் சந்திர மாதத்தில், மன்னர் தாமே 28 எழுத்துகளைப் படைத்தார் என்று அரசவைக் குறிப்பேடு பதிவு செய்கிறது. 1446இல் அவை முறைப்படி அறிவிக்கப்பட்டன. அப்போது இடப்பட்ட பெயர் ஹுன்மின்ஜோங்கும், அதாவது மக்களுக்குக் கற்பிக்கும் சரியான ஒலிகள். நம் நாட்டு மொழி சீனத்திலிருந்து வேறுபட்டது, எழுத்தறியாத மக்கள் தம் மனத்தில் உள்ளதை வெளியிட முடியாமல் இருக்கிறார்கள், அவர்கள்மேல் இரக்கம் கொண்டு இவற்றைப் புதிதாக உருவாக்கினேன் என்ற பொருளில் அவர் எழுதிய முன்னுரை, இன்றும் கொரியப் பள்ளிப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கும் பகுதி.

நாளைக் குறித்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜப்பானிய ஆட்சியின் கீழ் 1926இல், அறிவிப்பின் 480ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி மொழி ஆர்வலர்கள் இவ்விழாவை முதன்முறையாகக் கொண்டாடினார்கள். அந்த ஆண்டு அது நவம்பர் 4ஆம் நாள் வந்தது. எழுத்துகளின் தோற்றத்தை விளக்கும் மூல நூலின் படி ஒன்று 1940இல் ஆன்தோங் பகுதியில் கிடைத்தது. அதன் பின்னுரையில் ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் பத்து நாள் என்று காலம் குறிக்கப்பட்டிருந்ததால், அதைக் கணக்கிட்டு அக்டோபர் 9 என வகுத்தார்கள். கலைப்பொருள் சேகரிப்பாளர் ஜோன் ஹ்யோங்-பில், கேட்ட விலையைவிடப் பன்மடங்கு கொடுத்து அந்நூலை வாங்கி, ஜப்பானிய அதிகாரிகளின் கண்ணில் படாமல் காப்பாற்றினார். 1997இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

வட கொரியா இதே எழுத்தைச் ஜோசொன்குல் என்று அழைக்கிறது. படைப்பு நிகழ்ந்த காலத்தைக் கணக்கில் கொண்டு ஜனவரி 15ஆம் நாள் கொண்டாடுகிறது. தென் கொரியாவில் விடுமுறை நாட்கள் மிகுந்துவிட்டன என்ற காரணத்தால் 1991 முதல் இந்நாள் விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மொழி அமைப்புகள் விடாமல் வாதாடியதன் பயனாக 2013இல் மீண்டும் விடுமுறையானது.

இரண்டாம் படி: மெய்யெழுத்துகளை நாவிலிருந்து வரைதல்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுக்க வேண்டுகிறேன், ஏனெனில் ஹங்குலின் உயிர் இங்குதான் இருக்கிறது. எழுத்துகளைப் பார்த்து நகலெடுக்க வேண்டாம். ஒலியைச் சொல்லி, அப்போது நா எங்கே நிற்கிறது என்று கவனித்து, அந்நிலையைக் கோடாக இழுங்கள். எழுத்தைப் படைத்தவர் வந்த வழியும் அதுவே. இடப்பக்கம் நோக்கிய ஒரு முகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பதாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: உதடு இடப்புறம், தொண்டை வலப்புறம்.

இப்போது 'க்' என்று சொல்லித் தொண்டையை அடைத்த நிலையிலேயே நிறுத்துங்கள். நாவின் அடிப்பகுதி எழுந்து அண்ணத்தின் பின்பகுதியைத் தொட்டிருக்கும். முன்பகுதி இடப்புறம் நீண்டிருக்கும். மேலே ஒரு கிடைக்கோடு, அதன் வல முனையிலிருந்து கீழிறங்கும் ஒரு நெடுங்கோடு. இதுவே கொரியக் ககரம், பெயர் கியொக். அடுத்து 'ந்' என்று சொல்லுங்கள். நாவின் நுனி இடப்புறத்தில் மேல்நோக்கி எழுந்திருக்க, உடல் கீழே தட்டையாகப் படுத்திருக்கும். மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, அதன் அடியிலிருந்து வலப்புறமாக ஒரு கிடைக்கோடு இழுத்தால் நியுன் கிடைத்துவிடும்.

'ம்' என்பதற்கு மூடிய வாயின் வடிவமான சதுரம். 'ஸ்' என்பதற்குப் பல்லின் வடிவம்: ஒரு புள்ளியிலிருந்து இருபுறமும் சரிந்து இறங்கும் இரண்டு கோடுகள். தொண்டைக்கு ஒரு வட்டம். இந்த வட்டம் அசையின் முதலில் நின்றால் ஒலியற்றது. இறுதியில் நின்றால் நம் 'ங்'.

இவை ஐந்தும் அடிப்படை வடிவங்கள். மற்றவை பெரும்பாலும் இவற்றின்மேல் கோடு சேர்ப்பதால் பிறக்கின்றன. ஒலி வலுப்பட வலுப்படக் கோடு கூடும் என்பதே விதி. நியுனின் தலைமேல் ஒரு கிடைக்கோடு வைத்தால் தகரம் வருகிறது. நடுவிலும் ஒரு கோடு வைத்தால் மூச்சு கலந்த தகரம். கியொக்கின் நடுவில் ஒரு கோடு போட்டால் மூச்சு கலந்த ககரம். சதுரத்தின் இரு பக்கக் கோடுகளையும் மேலே நீட்டிவிட்டால் பகரம். பல் வடிவத்தின் உச்சியில் ஒரு கிடைக்கோடு வைத்தால் ஜகரத்துக்கும் சகரத்துக்கும் இடைப்பட்ட ஒலி. அதன்மேல் இன்னொரு சிறுகோடு வைத்தால் மூச்சு கலந்த சகரம். வட்டத்தின் மேல் ஒரு கிடைக்கோடும் அதன் மேல் ஒரு சிறுகோடும் வைத்தால் ஹகரம். மூச்சு கலந்த பகரம் மட்டும் சற்று விலகி நிற்கும்: இரண்டு கிடைக்கோடுகள், அவற்றை இணைக்கும் இரண்டு குறுங்கோடுகள்.

எஞ்சியிருப்பது ரியுல். மேலே ஒரு கியொக், நடுவில் ஒரு கிடைக்கோடு, கீழே ஒரு நியுன் என்று மூன்று வீச்சில் எழுதுங்கள். உயிர்களுக்கு இடையே இது ரகரமாகவும், அசையின் இறுதியில் லகரமாகவும் ஒலிக்கும். ரகரத்தையும் லகரத்தையும் தெளிவாகப் பிரித்துப் பழகிய தமிழருக்கு ஒரே எழுத்து இரண்டாகவும் ஒலிப்பது தொடக்கத்தில் உறுத்தலாம். இடத்தைக் கவனித்தால் குழப்பம் வராது.

எழுதியவற்றை எண்ணிப் பாருங்கள். பதினான்கு மெய்கள் உங்கள் தாளில் இருக்கும். ஐந்து எழுத்துகளை இரட்டித்து எழுதும் வழக்கமும் உண்டு. அவை தமிழில் 'பக்கம்', 'பட்டம்' போன்ற சொற்களின் இரட்டித்த வல்லினத்துக்கு நெருங்கிய, மூச்சு கலவாத இறுகிய ஒலிகள். மூச்சு கலந்த எழுத்துகளோ தமிழில் இல்லாதவை. வாயின் முன் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லுங்கள். மூச்சு கலந்த பகரத்துக்குத் தாள் நன்றாக அசைய வேண்டும், இறுகிய பகரத்துக்கு அசையவே கூடாது.

மூன்றாம் படி: உயிரெழுத்துகள்

உயிர்களுக்கு மூன்றே மூலங்கள். வானத்துக்கு ஒரு புள்ளி, நிலத்துக்கு ஒரு கிடைக்கோடு, நிமிர்ந்து நிற்கும் மனிதருக்கு ஒரு நெடுங்கோடு. புள்ளி இன்று குறுங்கோடாக மாறிவிட்டது. நெடுங்கோட்டின் வலப்பக்கம் குறுங்கோடு இருந்தால் 'ஆ'. இடப்பக்கம் இருந்தால், வாயை அகரத்துக்குத் திறந்து, உதட்டைக் குவிக்காமல் ஒகரம் சொல்ல முயன்றால் வரும் ஒலி. கிடைக்கோட்டின் மேலே குறுங்கோடு நின்றால் 'ஓ'. கீழே தொங்கினால் 'ஊ'. நெடுங்கோடு தனித்து நின்றால் 'இ'. குறுங்கோட்டை இரண்டாக்கினால் முன்னால் யகரம் சேர்ந்துவிடும்: 'யா', 'யோ', 'யூ' என்று.

தனித்து நிற்கும் கிடைக்கோட்டை ஒலிக்க ஐரோப்பியர் பலர் நெடுங்காலம் திணறுகிறார்கள். தமிழருக்கு அது பிறவியிலேயே வாய்த்த ஒலி. 'பாட்டு', 'காசு' என்று இயல்பாகப் பேசும்போது இறுதியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்தைக் கவனியுங்கள், அதுவே இது. ஹங்குல் என்ற பெயரின் இரண்டாம் அசையில் வருவதும் இவ்வொலிதான்.

பத்து அடிப்படை உயிர்களையும் கற்றபின், அவற்றைச் சேர்த்து ஆக்கும் கூட்டுயிர்களை அவசரமின்றிக் கற்கலாம். 'ஆ'வுடன் 'இ' நெடுங்கோட்டைச் சேர்த்தால் ஏகாரத்தின் ஒரு வகை, இடப்பக்கக் குறுங்கோட்டு உயிருடன் சேர்த்தால் மற்றொரு வகை. இன்றைய சியோல் பேச்சில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால், கேட்டுப் பிரித்தறிய முடியவில்லையே என்று புதியவர்கள் கவலைப்பட வேண்டாம்.

நான்காம் படி: அசையைக் கட்டுதல்

கொரிய எழுத்துகள் வரிசையாக நில்லாமல், ஒவ்வோர் அசையும் ஒரு சதுரத்துக்குள் அடங்கும். நெடுங்கோட்டு உயிராயின் மெய் இடப்பக்கம் நிற்கும். கிடைக்கோட்டு உயிராயின் மெய் மேலே அமரும். இறுதி மெய் இருந்தால் அது அடியில் செல்லும். அதற்குப் பச்சிம் என்று பெயர். எழுதும் ஒழுங்கு எப்போதும் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம்.

எழுத்தின் பெயரையே எழுதிப் பழகுங்கள். முதல் சதுரத்தில் இடப்பக்கம் மேலே ஒரு சிறுகோடு, அதன் கீழ் ஒரு கிடைக்கோடு, அதன் கீழ் ஒரு வட்டம்: ஹகரம். அதன் வலப்பக்கம் ஒரு நெடுங்கோடு, அதன் நடுவிலிருந்து வலப்புறம் ஒரு குறுங்கோடு: ஆகாரம். இரண்டுக்கும் அடியில் ஒரு நியுன். 'ஹான்' முடிந்தது. அடுத்த சதுரத்தில் மேலே ஒரு கியொக், நடுவில் அகலமான ஒரு கிடைக்கோடு, அடியில் ஒரு ரியுல். 'குல்' முடிந்தது. இந்த இரண்டு சதுரங்களையும் கோணல் இல்லாமல், ஒன்றுக்கொன்று சம உயரத்தில் எழுதும்வரை திரும்பத் திரும்ப எழுதுங்கள். புதியவர்கள் இறுதி மெய்யைச் சதுரத்துக்கு வெளியே தொங்கவிடுவது வழக்கம். அதற்கு இடம் விட்டு மேலுள்ள பகுதியை முதலிலேயே சற்றுக் குறுக்கி எழுத வேண்டும்.

அசை முதலில் 19 மெய், நடுவில் 21 உயிர், இறுதியில் மெய்யின்மையையும் சேர்த்து 28 நிலைகள் என்று பெருக்கினால் 11,172 சதுரங்கள் கிடைக்கும். அத்தனையையும் ஒருவர் தனித்தனியே மனப்பாடம் செய்வதில்லை. நாம் 'கௌ', 'ஙூ' என்று அதிகம் வழங்காத உயிர்மெய்களையும் விதியறிந்து வாசித்துவிடுவதைப் போல அவர்களும் வாசிக்கிறார்கள்.

கைப்பேசியின் அமைப்புகளில் கொரிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான பலகையில் மெய்கள் இடப்பக்கமும் உயிர்கள் வலப்பக்கமும் இருக்கும். எழுத்துகளைத் தட்டத் தட்ட அவை தாமே சதுரமாகக் கூடிவிடும். சோன்ஜியின் என்ற மற்றொரு பலகையும் உண்டு. அதில் புள்ளி, கிடைக்கோடு, நெடுங்கோடு என்ற மூன்றே விசைகளைக் கொண்டு எல்லா உயிர்களையும் எழுதலாம். வானம், நிலம், மனிதர் என்ற பதினைந்தாம் நூற்றாண்டு வகுப்பு ஒரு கைப்பேசியின் மூன்று பொத்தான்களில் அப்படியே இயங்குவதை ஒருமுறை தட்டிப் பார்த்தால், இவ்வெழுத்தின் திட்பம் விரல்நுனியில் தெரியும்.

ஐந்தாம் படி: வாசிக்கும்போது மாறும் ஒலிகள்

இங்கே தமிழ் வாசகர் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் இருக்கிறார். 'கல்', 'பங்கு' என்ற சொற்களில் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும் நாம் எழுதுவது ஒரே எழுத்தைத்தான். கொரியரும் அவ்வாறே செய்கிறார்கள். வீட்டுச் சாமான்களைக் குறிக்கும் 'காகு' என்ற கொரியச் சொல்லில் முதல் ககரம் வல்லொலி, இரண்டாவது உயிர்களுக்கு நடுவே நிற்பதால் மெலிந்த ஒலி. இரண்டுக்கும் எழுத்து கியொக்கே. ரோமன் எழுத்தில் கொரியம் கற்போர் இவ்விடத்தில் பெரிதும் தடுமாறுகிறார்கள். ஆகவே கொரியச் சொற்களை ரோமன் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுவது நல்லது. தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு, விரைவில் அதையும் விட்டு ஹங்குலுக்கு மாறுங்கள்.

மற்றொரு விதி, இறுதி மெய்யை அடுத்து ஒலியற்ற வட்டத்தோடு தொடங்கும் அசை வந்தால், அந்த மெய் அடுத்த உயிரோடு சேர்ந்துவிடும். கொரிய மொழி என்ற பொருளுடைய சொல்லை 'ஹான்', 'குக்', 'ஒ' என்ற மூன்று சதுரங்களில் எழுதுகிறார்கள்; வாசிப்பதோ 'ஹான்-கு-கொ' என்று. உடல்மேல் உயிர்வந் தொன்றுவ தியல்பே என்ற நன்னூல் நூற்பாவைப் பள்ளியில் படித்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: தமிழில் அச்சேர்க்கையை எழுத்திலும் காட்டுவோம், கொரியத்தில் சொல்லின் வேர் சிதையாமல் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிரித்தே எழுதுகிறார்கள். 1933இல் கொரிய மொழிச் சங்கம் வகுத்த எழுத்து விதிகள் இதை நிலைநிறுத்தின.

அசை இறுதியில் எந்த மெய்யை எழுதினாலும் ஒலிப்பது ஏழு ஒலிகளில் ஒன்றாகவே இருக்கும். இதையும், மெல்லினத்துக்கு முன் வல்லினம் மெல்லினமாக மாறுவதையும் சொற்களைக் கேட்டுக் கேட்டுப் பழகுவதே எளிது.

ஆறாம் படி: எழுத்துக்காக நின்றவர்களை அறிதல்

வாசிக்கக் கற்றபின் இந்த வரலாற்றைப் படித்தால் அது வேறு வகையில் நெஞ்சைத் தொடும் என்பதால் இதை இங்கே வைத்திருக்கிறேன்.

ஹங்குல் எளிதில் ஏற்கப்பட்ட எழுத்து அன்று. 1444இல் சுவே மல்லி என்ற அறிஞரும் உடனிருந்தோரும் மன்னருக்கு எதிர்ப்பு விண்ணப்பம் கொடுத்தார்கள். தனி எழுத்து வைத்துக்கொள்வது மங்கோலியர், ஜப்பானியர் போன்றோரின் வழக்கம், சீன நாகரிகத்தைவிட்டு விலகலாமா என்பது அவர்களின் வாதம். சிறைப்பட்டவர் தம் வாக்குமூலத்தைத் தாமே கேட்டுப் புரிந்துகொள்ள முடிந்தால் நீதி தவறாது என்ற கருத்தையும் அவர்கள் மறுத்தார்கள். நீதி சிறை அதிகாரியின் குணத்தைப் பொறுத்தது, எழுத்தைப் பொறுத்ததன்று என்றார்கள். மன்னர் அவர்களை ஒரு நாள் காவலில் வைத்து விடுவித்தார். 1504இல் யோன்சான்குன் என்ற கொடுங்கோல் மன்னரைக் கண்டித்து ஹங்குலில் சுவரொட்டிகள் தோன்றியபோது, அவர் இவ்வெழுத்தைக் கற்பதையும் பயன்படுத்துவதையும் தடைசெய்தார். சாதாரண மக்கள் கையில் எழுத்து இருந்தால் என்ன நேரும் என்பதை அந்தத் தடை நன்றாகக் காட்டுகிறது.

ஆட்சியும் கல்விமான்களும் சீன எழுத்திலேயே நின்ற அந்த நூற்றாண்டுகளில் ஹங்குலை வாழவைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1670ஐ ஒட்டி ஜாங் க்யே-ஹ்யாங் என்ற பெண்மணி தம் மருமக்களுக்கும் பெண்மக்களுக்கும் உதவச் சமையல் முறைகளை ஹங்குலில் எழுதிவைத்தார். அதற்கும் முந்தைய ஒரு கடிதத்தைப் பற்றிப் புதியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1998இல் ஆன்தோங்கில் ஒரு பழைய கல்லறையை இடம் மாற்றியபோது, யி உங்-தே என்பவரின் உடலோடு வைக்கப்பட்ட தாள் ஒன்று கிடைத்தது. 1586இல் இளம் வயதில் இறந்த கணவருக்கு அவர் மனைவி எழுதியது. 'வோனின் தந்தைக்கு' என்று பிள்ளையின் பெயர் சொல்லியே கணவரை விளிக்கிறார். தலை நரைக்கும்வரை சேர்ந்து வாழ்ந்து ஒன்றாகவே இறப்போம் என்றீர்களே, என்னை விட்டு எப்படிப் போனீர்கள் என்று கேட்கிறார். தாள் நிரம்பிய பிறகும் சொல்ல வேண்டியது தீரவில்லை. தாளைத் திருப்பி மேல் விளிம்பில் எழுதுகிறார், அதுவும் போதாமல் தலைகீழாகத் தொடக்கத்தில் விட்ட இடத்திலும் எழுதுகிறார். சணலோடு கூந்தலும் சேர்த்துப் பின்னிய மிதியடியும் அக்கல்லறையில் இருந்தது. சேஜோங் முன்னுரையில் கூறிய, மனத்தில் உள்ளதை வெளியிட முடியாத மக்கள் என்ற சொற்களுக்கு இந்தத் தாளைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை.

1894இல் நிகழ்ந்த அரசுச் சீர்திருத்தம் ஹங்குலை ஆவணங்களுக்கு உரிய எழுத்தாக்கியது. 1896இல் சோ ஜே-பில் தொடங்கிய 'தோங்னிப் சின்முன்' என்ற செய்தித்தாளின் கொரியப் பக்கங்கள் முழுவதும் ஹங்குலில், சொற்களுக்கு இடையே இடைவெளி விட்டு அச்சாயின. அச்செய்தித்தாளில் பணியாற்றிய ஜூ ஷி-க்யோங் பிற்காலத்தில் நவீன கொரிய இலக்கணத்துக்கு அடித்தளமிட்டார். இன்று நாம் சொல்லும் ஹங்குல் என்ற பெயர் அவரோடு தொடர்புடையது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 1886இல் கொரியா சென்று, ஹங்குல் மட்டுமே கொண்ட உலகப் புவியியல் பாடநூலை எழுதினார். தமிழருக்கு அவரிடம் தனி ஆர்வம் உண்டாகலாம், ஏனெனில் 1905இல் அவர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலை வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற கருத்தை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. அப்படியிருந்தும் இணையத்தில் அது உறுதியான உண்மைபோல் பரவுகிறது. ஹங்குல் நாளன்று அதைப் பகிர்வதைத் தவிர்க்க வேண்டுகிறேன். உண்மையான ஒற்றுமைகளே போதுமான அளவு இருக்கின்றன.

1942இல் நடந்தது மிகக் கொடியது. பள்ளிகளில் கொரிய மொழி ஒதுக்கப்பட்டுவிட்ட அக்காலத்தில் கொரிய மொழிச் சங்கத்தார் பேரகராதி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியக் காவல்துறை அதை விடுதலை இயக்கமாகக் கருதி அவர்களைக் கைதுசெய்து துன்புறுத்தியது. யி யுன்-ஜே, ஹான் ஜிங் என்ற இருவர் சிறையிலேயே உயிரிழந்தார்கள். அகராதியின் கையெழுத்துப் படிகள் சான்றாகப் பறிமுதலாகிக் காணாமல் போயின. நாடு விடுதலையடைந்த அடுத்த மாதம், 1945 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் ஏறத்தாழ 26,500 தாள்கள் கொண்ட அந்தக் கட்டு கிடைத்தது. மேல்முறையீட்டுக்காக வழக்கின் சான்றுகள் ஹம்ஹங் நகரிலிருந்து தலைநகருக்கு அனுப்பப்பட்டதே அது அங்கு வந்து கிடந்ததற்குக் காரணம். அவற்றைக் கொண்டு 1947 முதல் 1957 வரை ஆறு தொகுதிகளாகப் பேரகராதி வெளிவந்தது.

ஏழாம் படி: அன்றைய நாளில் செய்யத்தக்கவை

சியோலுக்குச் செல்ல வாய்ப்புள்ளவர் குவாங்குவாமுன் சதுக்கத்தில் தொடங்கலாம். 2009ஆம் ஆண்டின் ஹங்குல் நாளில் நிறுவப்பட்ட சேஜோங் மன்னரின் அமர்ந்த சிலை, கையில் நூலேந்தி அங்கே இருக்கிறது. சிலைக்கு முன்னால் அவர் காலத்து மழைமானியும் சூரியக் கடிகாரமும் வடிக்கப்பட்டுள்ளன. சிலைக்குக் கீழே நிலத்தடியில் அவரைப் பற்றிய காட்சிக்கூடம் உண்டு. வடக்கே க்யோங்பொக்குங் அரண்மனை நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. அறிஞர்கள் பணியாற்றிய மன்றம் நின்ற இடத்தில் இப்போது சுஜோங்ஜோன் என்ற கட்டடம் உள்ளது. சதுக்கத்துக்கு மேற்கே ஜூ ஷி-க்யோங், ஹல்பர்ட் இருவரையும் நினைவுகூரும் சிறு வெளி ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இன்சாதோங் தெருவில் பன்னாட்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள்கூட ஹங்குலில் இருப்பதால், புதிதாக வாசிக்கக் கற்றவருக்கு அதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் இல்லை. யோங்சானில் உள்ள தேசிய ஹங்குல் அருங்காட்சியகம் 2014இல் இதே நாளில் திறக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் சீரமைப்புப் பணியின்போது அங்கே தீ விபத்து நேர்ந்ததால், திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். ஒரு முழு நாள் கையில் இருந்தால் யோஜு நகரில் சேஜோங்கும் அரசி சோஹோனும் துயிலும் கல்லறைக்குச் சென்று வரலாம்.

இங்கிருந்தே கொண்டாடுவோர் கூட்டமாகச் சேர்ந்து எழுதுவதைப் பரிந்துரைக்கிறேன். கொரியாவில் அன்று எழுத்துப் போட்டிகளும் அழகெழுத்துப் போட்டிகளும் நடப்பது வழக்கம். தூரிகையும் மையும் கிடைத்தால் நன்று. இல்லாவிட்டால் தடித்த பேனா போதும். ஒவ்வொருவரும் தம் பெயரை ஹங்குலில் எழுதட்டும். தமிழ்ப் பெயர்களில் ழகரமும் ளகரமும் வந்தால் ரியுலைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். உயிரில் தொடங்கும் பெயர்களுக்கு முன்னால் ஒலியற்ற வட்டத்தை எழுத மறந்துவிடாதீர்கள். 'குமார்' என்று முடியும் பெயரில் இறுதி ரகரத்தை அடிமெய்யாக எழுதினால் அது 'குமால்' என்று வாசிக்கப்படும். ஆகவே அதைத் தனிச் சதுரமாக்கி, கிடைக்கோட்டு உயிரைச் சேர்த்து 'குமாரு' என்பதுபோல் எழுதுவதே கொரிய வழக்கம்.

தொடர்ந்து கற்க விரும்புவோருக்குச் சென்னையில் 2006 முதல் இயங்கிவரும் இன்கோ மையம் கொரிய மொழி வகுப்புகளை நடத்துகிறது. கொரிய அரசின் ஆதரவில் பல நாடுகளில் செயல்படும் சேஜோங் கல்விக்கூடங்கள் இணையவழியாகவும் பாடங்களை வழங்குகின்றன. வகுப்பில் சேரும் நாளுக்குள் எழுத்துகளை முழுவதும் வாசிக்கப் பழகிவிடுங்கள். முதல் சில பாடங்களை எழுத்துக்கூட்டுவதில் செலவிடாமல் நேரே பேச்சுக்குச் சென்றுவிடலாம்.